செயற்கைக் காலோடு நின்று டென்னிஸ் ஆடலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. களுவாஞ்சிகுடிப் பக்கம். மூன்று வருடத்துக்கு முதல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது செயற்கைக் காலோடு வேலைக்குப் போகிறேன், சைக்கிள் ஓடுகிறேன், ஏணியும் ஏறுவேன். முந்தி ஊர்க் கழகத்துக்குக் கரப்பந்து ஆடியவன். கொழும்பில் இருக்கும் மச்சான் இரண்டு டென்னிஸ் ரக்கெட் கொண்டு வந்து தந்தார். பாடசாலையின் சீமெந்துக் கரப்பந்துத் தரையில் பின்னேரங்களில் அடித்துப் பழகுகிறோம். என்னோடு ஆடுகிறவர் சம்மாந்துறைக்காரர். பிறப்பிலேயே இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை. எங்களைப் பார்த்த ஒருவர், ‘கால் இல்லாதவர்களுக்கு டென்னிஸ் என்றால் சக்கர நாற்காலியில்தான், நின்று ஆட விதி இல்லை’ என்கிறார். ஸ்டம்ப் (வெட்டியபின் மிஞ்சியிருக்கும் கால் பகுதி) புண்ணாகிவிடும், இன்னொரு அறுவைக்குப் போகவேண்டி வரும் என்று மனைவி பயப்படுகிறா. நான் பிளேட் கால் வாங்கவேண்டுமா? நண்பர் சேர்வ் போடுவது எப்படி? எதிர்காலத்தில் போட்டிகளுக்குப் போகலாமா? டொக்டர், ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, நான் டொக்டர் இல்லை, பிசியோ. செயற்கைக் கால் போட்டவர்களை நடக்கப் பழக்குவது என் வேலை. டென்னிஸும் பழக்குகிறேன் என்பதால்தான் உங்கள் கடிதம் என் மேசைக்கு வந்திருக்கிறது.

ஆடுங்கள், நின்றே ஆடுங்கள். பிளேட் வேண்டாம். ஆனால் இனி ஆடி முடிக்கும் ஒவ்வொரு நாளும் காலைக் கழற்றி ஸ்டம்பைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது. எனது பதிலின் முக்கால்வாசி இதுதான். மிச்சத்தை விபரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த அன்பர் சொன்ன ‘விதி’. டென்னிஸ் விதிகளில் ஆடுகிறவருக்கு எத்தனை கால் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. அவர் தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்துச் சொல்கிறார். சக்கர நாற்காலி டென்னிஸ் 1976 இல் அமெரிக்காவில் பிராட் பார்க்ஸ் என்ற இளைஞரால் தொடங்கியது. 1988 இல் சோல் பராலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக வந்து, 1992 இல் பார்சலோனாவில் பதக்கப் போட்டியானது. இன்று விம்பிள்டன் உட்பட நான்கு பெரிய போட்டிகளிலும் அதற்கு இடமுண்டு. இலங்கையிலும் அதைத்தான் வளர்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் காயப்பட்ட படைவீரர்கள் ஆடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதான் என்பதால் வேறொன்றும் இல்லை என்று நினைப்பது இயல்பு.

ஆனால் நின்று ஆடும் டென்னிஸ் தனியாக இருக்கிறது. ‘பாரா ஸ்டாண்டிங் டென்னிஸ்’ என்கிறார்கள். கையில் குறைபாடு உள்ளவர்கள், காலில் குறைபாடு உள்ளவர்கள், உயரம் மிகக் குறைந்தவர்கள் என்று பிரித்து, அவரவர் பிரிவுக்குள் ஆடவிடுகிறார்கள். ஓடுவது கடினமானவர்களுக்குப் பந்து இரண்டு முறை நிலத்தில் பட்டு எழும்பவும் அனுமதி உண்டு. பராலிம்பிக்கில் அது இன்னும் இல்லை. அதற்காக அது டென்னிஸ் இல்லை என்று ஆகிவிடாது.

நீங்கள் கரப்பந்துக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். நின்று ஆடும் கரப்பந்து 1976 தொடக்கம் 2000 சிட்னி வரை பராலிம்பிக்கில் இருந்தது. 2004 ஏதன்ஸிலிருந்து தரையில் அமர்ந்து ஆடும் கரப்பந்து மட்டும்தான். செயற்கைக் காலோடு வலைக்கு மேலே எழும்பி அடித்தவர்கள் அன்றோடு ஆடத் தெரியாதவர்கள் ஆகிவிட்டார்களா? எந்த ஆட்டத்துக்குப் பதக்கம் கொடுப்பது என்பது குழுக்கள் எடுக்கும் முடிவு. பின்னேரம் ஐந்து மணிக்கு உங்கள் பாடசாலை மைதானத்தில் எதை ஆடுவது என்பது உங்கள் முடிவு.

இனிக் கால். பிளேட் என்பது நேராக ஓடுவதற்குச் செய்தது. வளைந்த காபன் தகடு, குதிப்பாகமே கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு ஓரிடத்தில் அமைதியாக நிற்பதே பாடு. டென்னிஸில் பாதி நேரம் நிற்பதும், பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்துத் திரும்புவதும்தான். அந்தக் காசுக்கு ஒரு நல்ல சொக்கெட்டும் (ஸ்டம்ப் உள்ளே நுழையும் கிண்ணம்), உங்கள் நடைக்குச் சரியாகச் சீராக்கிய சாதாரணப் பாதமும் பல மடங்கு உதவும். இங்கே பலர் போட்டிருக்கும் றப்பர் பாதத்தில் பக்கவாட்டு உந்தல் குறைவு என்பது உண்மை. அதை ஆடும் முறையால் சமாளிக்கலாம்.

சப்பாத்து விஷயத்தில் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். செயற்கைக் காலைச் சீராக்கும்போது நீங்கள் எந்தச் சப்பாத்தோடு போனீர்களோ அதன் குதி உயரத்துக்குத்தான் பாதத்தைப் பொருத்தியிருப்பார்கள். செருப்போடு போய்ப் பொருத்திவிட்டு, தடித்த குதி உள்ள விளையாட்டுச் சப்பாத்தைப் போட்டால், கால் உங்களை முன்னுக்குத் தள்ளும், முழங்கால் தானாக மடியப் பார்க்கும். குதி தாழ்ந்த சப்பாத்து என்றால் பின்னுக்கு இழுக்கும், முழங்கால் பின்பக்கம் வளையும். ‘ஆடும்போது முழங்கால் நடுங்குது’ என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது சப்பாத்தைத்தான். செயற்கை அவயவப் பிரிவுக்கு அடுத்த முறை போகும்போது ஆடும் சப்பாத்தையே கொண்டுபோங்கள். ‘பக்கவாட்டில் நகரும் விளையாட்டு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நடைக்கு என்று சொன்னால் நடைக்குத்தான் பொருத்துவார்கள்.

ஸ்டம்ப் ஒரு நாளுக்குள்ளேயே பருமன் மாறும். காலையில் ஸ்டம்பில் போடும் ஒரு சொக்ஸோடு இறுக்கமாக இருந்தது, பின்னேரம் அரை மணி நேரம் ஓடியதும் தளர்ந்துவிடும். தளர்ந்த சொக்கெட்டுக்குள் ஸ்டம்ப் மேலும் கீழும் அசைந்து கீழே இறங்கும். எலும்பு முனைகள் உரசும். ஆகவே பையில் மெல்லியது, தடித்தது என்று இரண்டு மூன்று சொக்ஸ் இருக்கவேண்டும். ஒவ்வொரு செட்டுக்கும் நடுவில், அல்லது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, உட்கார்ந்து காலைக் கழற்றுங்கள். வியர்வையைத் துடையுங்கள். லைனர், அதாவது ஸ்டம்பில் மாட்டும் மெத்தென்ற உறை, போடுகிறீர்கள் என்றால் அதன் உள்பக்கத்தையும் துடையுங்கள். நம் ஊர் வெக்கையில் லைனருக்குள் தண்ணீர் தேங்கி நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், சாய்த்தால் ஊற்றும். வீட்டுக்குப் போனதும் மெல்லிய சவர்க்காரத்தால் கழுவி நிழலில் காயவிடுங்கள்.

பிறகு வெளிச்சத்தில் வைத்துத் தோலைப் பாருங்கள். முழங்காலுக்கு வெளிப்பக்கம் துருத்தும் சின்ன எலும்பு, முன்னெலும்பின் நுனி, தழும்புக் கோடு, இந்த மூன்று இடமும் முக்கியம். பின்பக்கத்துக்கு ஒரு கண்ணாடி வேண்டும். சிவந்திருந்தால் மணிக்கூட்டைப் பாருங்கள். பத்து, இருபது நிமிடத்தில் சிவப்பு மறைந்துவிட்டால் பயமில்லை. அதற்கு மேலும் நின்றால், கொப்புளம் கண்டால், தோல் உரிந்தால், அது ஆறும்வரை ஆட்டம் இல்லை. முடிந்தால் காலும் போடவேண்டாம், ஊன்றுகோலில் நடவுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் இதை வாசித்தால் இன்னும் கண்டிப்பாக இருக்கவேண்டும். அவர்களுக்குப் புண் வலிக்காமலேயே வளரும்.

நேரம்: விடிய ஏழரைக்கு முன், இல்லையென்றால் பின்னேரம் நாலரைக்குப் பின். செயற்கைக் காலோடு ஓடுகிறவர் அதே வேகத்துக்குக் கூடுதல் சக்தி செலவழிக்கிறார், உடம்பு சூட்டை வெளியே விடத் தோலின் பரப்பும் குறைவு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் ரக்கெட்டைத் தொடாமல் இருப்பது நல்லது. அந்தக் காற்றில் சேர்வுக்கு எறிந்த பந்தும் சொன்னபடி கேட்காது.

உங்கள் தரை நல்ல தரை. கரப்பந்துத் தரை 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். பிள்ளைகளுக்கும் புதியவர்களுக்கும் வகுத்திருக்கும் செம்மஞ்சள் பந்து டென்னிஸின் தரையும் 18 மீற்றர்தான். முழுத் தரை 23.77 மீற்றர்; அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கரப்பந்து வலையைக் கழற்றிவிட்டு, அதே தூண்களில் மூன்றடி உயரத்தில் கயிறு இழுத்துக் கட்டி, பழைய மீன்வலையை மடித்துத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. செம்மஞ்சள் பந்து சாதாரணப் பந்தைவிடப் பாதி வேகம் குறைந்தது, கொழும்பு மச்சானிடம் சொன்னால் கிடைக்கும். அதுவரை காற்றுப் போன பழைய பந்து போதும். கிரிக்கெட்டுக்கு என்று விற்கும் பாரமான டென்னிஸ் பந்தை மட்டும் வாங்கவேண்டாம். அது ரக்கெட் நரம்பையும் முழங்கையையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஆட முதல் தரையைக் கூட்டுங்கள். கடலோரச் சீமெந்தில் எப்போதும் ஒரு படை மணல் கிடக்கும். உங்கள் வலது பாதத்துக்கு வழுக்குவது உடனே தெரியும். இடது பாதத்துக்குத் தெரியாது. அது உங்களுக்குச் செய்தி அனுப்பாது. விழுந்த பிறகுதான் தெரியவரும்.

பந்து எத்தனை தரம் எழும்பலாம் என்பதில் வெட்கப்படவேண்டாம். ஒழுங்கையில் கிரிக்கெட் ஆடியபோது ‘ஒரு பிட்ச், ஒற்றைக் கை’ பிடித்தால் அவுட் என்று இடத்துக்கு ஏற்ற விதி வைத்துக்கொண்டோமே, அந்த மனசு இதற்கும் போதும். முதல் சில மாதம் நீங்கள் இரண்டு பிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி டென்னிஸில் முதல் பிட்ச் கோட்டுக்குள் விழவேண்டும், இரண்டாவது வெளியே விழுந்தாலும் செல்லும். அதையே கடன் வாங்குங்கள். உங்கள் நண்பருக்கு இரண்டு கால்களும் நன்றாக இருப்பதால் அவருக்கு ஒரு பிட்ச் போதும். ஒரு பிட்ச்சில்தான் எடுப்பேன் என்று முதல் வாரத்திலேயே பிடிவாதம் பிடிக்கிறவர்கள்தான் வீங்கிய முழங்காலோடு என்னிடம் வருகிறார்கள். வீங்கியிருப்பது பெரும்பாலும் நல்ல காலின் முழங்கால்.

இந்த நல்ல காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு காலை இழந்தவர்களுக்கு வருடங்கள் போகப்போக மற்றக் காலின் முழங்காலில் தேய்மானம் வருவது கூடுதல். அதைக் குறைக்க இடது இடுப்பின் பக்கத் தசையை வலுப்படுத்தவேண்டும். குசினித் திட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, செயற்கைக் காலில் மட்டும் நின்று, வலது காலை மெல்ல வெளிப்பக்கம் தூக்கி இறக்குங்கள். இடுப்பு ஒரு பக்கம் சரியக்கூடாது. பிறகு பிடிக்காமல் நின்று பாருங்கள். பத்துவரை எண்ணும் மட்டும் ஆடாமல் நிற்க முடியவில்லை என்றால், பந்துக்குப் பாய்வதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம்.

நீங்கள் வலக்கைக்காரர் என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்துக்கு வருகிறேன். வலப்பக்கம் நகர இடது காலால் உந்தவேண்டும், உங்களுக்கு அது மெதுவாக வரும். இடப்பக்கம் நகர வலது கால் உந்தும், அது சுறுசுறுப்பு. ஆகவே நடுக்கோட்டில் நிற்காமல் அரை எட்டு வலப்பக்கம் தள்ளி நில்லுங்கள். ஃபோர்ஹேண்டுக்கு உடம்பைத் திறந்து வைத்து, பாரத்தை வலது காலில் ஏற்றி அடிப்பது உங்களுக்கு இயல்பாக வரும். பேக்ஹேண்டில்தான் சிக்கல். பந்து இடப்பக்கம் வரும்போது இடது காலில் பாரத்தைப் போட்டு முறுக்கினால், சொக்கெட் உங்களோடு திரும்பாது, தோல்தான் திரும்பும். தோளைத் திருப்பி, வலது காலைப் பந்துக்குக் குறுக்கே முன்னுக்கு வைத்து, அந்தக் காலில் பாரம் ஏறியபின் அடியுங்கள். வெட்டி அடிக்கும் ஸ்லைஸ் இதற்கு நன்றாகப் பொருந்தும். அடித்தபின் திரும்பி வர மறுபடி இடது கால் உந்தவேண்டுமே, அதற்கு நேரம் வேண்டும். ஆகவே அந்தப் பந்தை உயரமாக, ஆழமாக அனுப்புங்கள். நேரம் வாங்கத் தெரிந்தவனுக்கு வேகம் குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

எதிராளி அடிக்கும் கணத்தில் எல்லோரும் சின்னதாக ஒரு துள்ளல் துள்ளுவார்கள். நீங்கள் துள்ளவேண்டாம். முழங்காலைக் கொஞ்சம் தாழ்த்தி, பாரத்தை இரண்டு காலுக்கும் மாற்றி அசைந்தபடி இருங்கள், கரப்பந்தில் சேர்வை எதிர்பார்த்து நின்றதுபோல. சேர்விலும் எழும்ப வேண்டியதில்லை. வலக்கைக்காரர் சேர்வ் போட்டு இறங்குவது இடது காலில். அதுதான் உங்கள் செயற்கைக் கால். கால்கள் இரண்டையும் தோளகலத்துக்கு வைத்து, நிலத்தை விட்டு எழும்பாமல், தோளாலும் இடுப்பாலும் போடுங்கள். ஸ்மாஷ் அடித்த தோள் உங்களுடையது, அது போதும்.

உங்கள் நண்பருக்கு நல்ல செய்தி. சேர்வின்போது பந்தைக் கையால் விடவேண்டும் என்று சொல்லும் அதே விதி, ஒரு கையை மட்டும் பயன்படுத்தக்கூடியவர் ரக்கெட்டாலேயே பந்தை விடலாம் என்றும் சொல்கிறது. அவருக்காக யாரும் இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கவேண்டியதில்லை, அது உலக விதி. ரக்கெட்டைத் தட்டுப்போல் பிடித்து, நரம்பின் நடுவில் பந்தை வைத்து, முழங்கையால் மெல்ல மேலே தூக்கிவிட்டு, பந்து இறங்கும்போது அடிக்கவேண்டும். தொடக்கத்தில் பந்து எல்லாப் பக்கமும் ஓடும். அடிக்காமல், தூக்கித் தூக்கி நரம்பிலேயே பிடிக்கப் பழகச் சொல்லுங்கள். முழங்கை மடிப்பு இருப்பதால் அதில் பந்தை இடுக்கி எறிந்தும் பார்க்கலாம். சிலருக்கு அது இலகு. கீழ்க்கைச் சேர்வும் முழுக்கச் சட்டபூர்வமானது. 1989 பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியில் மைக்கேல் சாங், அன்று உலகின் முதல்நிலை வீரராக இருந்த இவான் லெண்டலுக்கே அப்படிப் போட்டார். இடது முன்கை இல்லாமல் பிறந்த நியூசிலாந்தின் அலெக்ஸ் ஹண்ட், செயற்கைக் கையால் பந்தை எறிந்து சேர்வ் போட்டு, 2017 இல் சாதாரணத் தொழில்முறைப் போட்டியிலேயே தரவரிசைப் புள்ளி எடுத்தார். நண்பருக்கு நான் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுதான்: எல்லா வேலையும் வலது தோளுக்கே போவதால் முதுகும் கழுத்தும் ஒரு பக்கம் இறுகும். இடது தோளுக்கும் றப்பர் பட்டியைக் கட்டி இழுக்கும் பயிற்சி வேண்டும்.

போட்டிகள். இங்கே நான் இனிப்பாகப் பேசப்போவதில்லை. நம் மாவட்டங்களில் நின்று ஆடும் டென்னிஸுக்கு ஏணிப்படி கிடையாது. பதக்கக் கனவு இருந்தால் வேறு கதவைத் தட்டவேண்டும். உங்களுக்குச் சக்கர நாற்காலி டென்னிஸ் திறந்திருக்கலாம். அதற்கு நடக்கவே முடியாதவராக இருக்கவேண்டும் என்பதில்லை, காலில் நிரந்தரக் குறைபாடு வேண்டும். பிரிட்டனின் அல்ஃபி ஹியூவெட் நடக்கக்கூடியவர், இடுப்பில் வருத்தம். 2019 இல் அவருடைய குறைபாடு போதாது என்று சொன்னார்கள், 2021 இல் விதியைத் திருத்தினார்கள், 2024 இல் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றார். ஆனால் உங்கள் நண்பருக்கு அந்தக் கதவு இல்லை. கைக் குறைபாடு மட்டும் உள்ளவர் அதற்குள் வரமுடியாது.

இருவருக்கும் பொதுவாகத் திறந்திருப்பது பாரா பட்மின்டன். 2020 டோக்கியோவிலிருந்து பராலிம்பிக்கில் இருக்கிறது. நின்று ஆடுகிறவர்களுக்கே தனித்தனி வகுப்புகள் உண்டு: காலுக்கு இரண்டு, கைக்கு ஒன்று, உயரம் குறைந்தவர்களுக்கு ஒன்று. காலில் குறைபாடு கூடியவர்களின் ஒற்றையர் ஆட்டம் பாதித் தரையில் நடக்கும். இந்தியாவின் மானசி ஜோஷி 2011 இல் வீதி விபத்தில் இடது காலை இழந்தவர், 2019 இல் செயற்கைக் காலோடு நின்று ஆடி உலகச் சம்பியனானார். மேசைப்பந்திலும் 6 முதல் 10 வரையான வகுப்புகள் நின்று ஆடுகிறவர்களுக்கு. பட்மின்டன் ரக்கெட் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் எந்தக் கடையிலும் இருக்கிறது. டென்னிஸை விடச் சொல்லவில்லை. இரண்டும் ஆடலாம், டென்னிஸ் மனசுக்கு, பட்மின்டன் விண்ணப்பப் படிவத்துக்கு. அப்படி ஆடுகிற பலரை எனக்குத் தெரியும், டென்னிஸ் நாட்களில்தான் அவர்கள் நேரத்தோடு வருவார்கள்.

மனைவியின் பயம் நியாயமானது. விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, கட்டிலில் படுத்திருந்தவர் நீங்கள். அவருக்குச் சமாதானம் சொல்லவேண்டாம், வேலை கொடுங்கள். ஸ்டம்பின் பின்பக்கம் உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ஆடிவிட்டு வந்ததும் அவரே பார்க்கட்டும், அடுத்த முறை ஆடலாமா இல்லையா என்பதை அவரே சொல்லட்டும். தொடக்கத்தில் கிழமைக்கு இரண்டு நாள், இடையில் இரண்டு நாளாவது இடைவெளி, ஒரு தடவைக்கு அரை மணி நேரம். விழப் பழகுவதையும் வீட்டிலேயே ஒரு மெத்தையில் அவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள்: ரக்கெட்டை விட்டுவிட்டு, நல்ல கால் பக்கம் சரிந்து, தொடையிலும் இடுப்பிலும் இறங்குவது, பிறகு வலது காலை ஊன்றி எழும்புவது. கையை நீட்டி விழுந்தால் மணிக்கட்டுப் போகும்.

அவர் வேண்டாம் என்று சொல்லும் நாளில் ஊன்றுகோலோடு மைதானத்துக்குப் போய் நடுவராக இருங்கள். சம்மாந்துறைத் தம்பியின் சேர்வில் பந்து கோட்டுக்குள் விழுந்ததா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும்தானே.